நூத்தியிருபதாம் நம்பர்

நாகமலையின் முதுகு தெரிகிற ஜன்னலோரம்
மூன்றாம் கட்டில்.
வந்த அன்றே கேட்டேன், ஏட்டில் அச்சடித்திருக்கிறபடி:
"ஐயா, வலி பத்துக்கு எத்தனை?"
கண்ணைத் திறக்காமல் சொன்னார் மலைராசன்:
"நாப்பது."

புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துப்
பத்து என்று எழுதினேன்.
மாத்திரை கூடியது.
மறுநாள் முழுக்க அடித்துப்போட்ட தூக்கம்,
வாயோரம் எச்சில்,
கூப்பிட்டால் ஒரு புருவம் மட்டும் அசைந்தது.

எழுந்ததும் மறுபடி கேட்டேன்.
"எம்பது."
எனக்கு வியர்த்துவிட்டது.
அவருக்குச் சிரிப்பு.
"எம்பதுன்னா நைசுப்பா. தேவலைன்னு அர்த்தம்.
முப்பத்தோரு வருசம் ஆலையில ரிங் பிரேம் பாத்தவன்,
நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.
இருவதுன்னு சொன்னா கயிறு.
அப்ப ஓடிவா."

இடுப்பெலும்பில் புற்று புகுந்திருந்தது.
புரட்டிப் படுக்க வைக்கும்போது இருபது.
புண்ணைக் கழுவும்போது முப்பது, சில நாள் பதினாறு.
மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து
ஜன்னல் கம்பியில் அணில் ஓடினால்
அறுபது.

"பத்துக்கு மேல் நம்பர் கிடையாது" என்று
மேட்ரன் பிரிஸ்கில்லா சிவப்பு மையால் அடித்தார்.
நான் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
செவ்வாய்க்கிழமை வரும் டாக்டர்
பென்சிலைத்தான் முதலில் படித்தார்.

தை மாதம் குரல் போயிற்று.
அவர் அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை.
ஆலைச் சத்தத்தில் எவன் குரல் எவனுக்குக் கேட்டது?
உதட்டைப் பார்த்தே
சம்பளம், சண்டை, சம்பந்தம் எல்லாம்
பேசி முடித்த கூட்டம் அது.
எனக்கும் பழகிவிட்டது.
'ப'வும் 'ம'வும் மட்டும் இன்றுவரை குழப்பம்:
பல் என்றாரா, மல்லி என்றாரா?
இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன்.
தண்ணீர்தான் கேட்டிருக்கிறார்.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினார்:
"பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க,
காசு போட்டு விடுறேன், டியூப் கீப் எதுனாலும் வைங்க."
போனை அவர் காதில் வைத்தேன்.
அவர் உதடு அசைந்ததை
போன் எப்படிக் கேட்கும்.
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது:
"வேணாங்கிறாரு.
நீ வாங்கிறாரு."
அந்தப் பக்கம்
தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம்.

ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி
ஆட்டோ பிடித்து, ராத்திரி பதினொன்றுக்கு வந்தார்
கையில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார்.

ஒன்றரை மணிக்கு மேல்
ஐயாவின் விரல்கள் போர்வையைவிட்டு எழும்பி
அந்தரத்தில் எதையோ தேடின,
கிள்ளின, முறுக்கின.
"ஃபிட்ஸா அண்ணே?"
பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்,
இதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் என்றும்.
நான் அதைச் சொல்லவில்லை.
"இல்லப்பா. நூல் அறுந்திருக்கு,
முடிக்கிறாரு."

மகன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு
சுண்டுவிரலை நடுவில் நீட்டினார்.
அதையும் சேர்த்து முறுக்கினார் ஐயா.

நான் கேட்கவேண்டிய நேரம். குனிந்து கேட்டேன்.
உதடு பிரிந்து, சேர்ந்து, பிரிந்தது.
நூத்தியிருவது.
அவ்வளவு மெல்லிசில்
ஆலையில் ஒரே ஒரு முறைதான் ஓட்டினார்களாம்,
பம்பாய்க்காரன் ஆர்டருக்கு.

நாலு ஐம்பதுக்குத் தேனி ரோட்டில் பால் வண்டி போனது.
என் காதில் விழுந்தது அதுதான்.
திரும்பிப் பார்த்தபோது விரல்கள் நின்றிருந்தன,
மகனின் விரல் உள்ளே.

மீந்த மார்ஃபின் மாத்திரை பதினொன்று.
மேட்ரனும் நானும் எண்ணி, இரண்டு கையெழுத்துப் போட்டுப்
பூட்டினோம்.

இப்போது மூன்றாம் கட்டிலில் ஒத்தக்கடை அம்மா,
சர்வேயர் சம்சாரம்.
புரட்டும்போது கம்பியைப் பிடித்த கை வெளுக்கிறது.
"வலி எத்தனைம்மா?"
"பரவால்ல தம்பி."

பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
பரவால்ல என்பது
எத்தனையாம் நம்பர்?